சீராக மிதியுங்கள்: பினாங்கில் குழுவோடு சைக்கிளோட்டத் தொடங்குகிறவர்களுக்கு

பினாங்குத் தீவைச் சைக்கிளில் ஒரு முறை சுற்றிவந்தால் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கர்னி கடலோரத்தில் புறப்பட்டு, தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பகாங் போய், அங்கே அணைக்கட்டைத் தாண்டி மலையேறி, பாலிக் புலாவில் இறங்கி, கெந்திங் மேட்டைக் கடந்து, தெலுக் கும்பார், பாயான் லெப்பாஸ் வழியாக ஜோர்ஜ் டவுனுக்குத் திரும்பலாம். ஞாயிறு விடியலில் இந்தச் சாலையில் நின்று பார்த்தால் குழு குழுவாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். புதிதாகச் சேர்கிறவர்களில் பலர் அணைக்கட்டு ஏற்றத்தில் மூச்சுவாங்கிப் பின்தங்கிவிடுகிறார்கள். ஏற்றம்தான் தங்களைத் தோற்கடித்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதற்கு முந்தைய கடற்கரைச் சாலையிலேயே அவர்கள் தங்கள் பலத்தைச் செலவழித்துவிட்டார்கள்.

எனக்கும் இது நேர்ந்தது. முதல் ஓட்டத்தில், பத்து பெரிங்கி வளைவுகளில் வந்த ஒவ்வொரு சிறு மேட்டிலும் எழுந்து நின்று மிதித்து முன்னால் போனேன். கால்கள் இலேசாக இருந்தன, காற்று குளிர்ந்திருந்தது, யாரும் என்னைத் தடுக்கவில்லை. அணைக்கட்டைத் தாண்டிய இரண்டாவது வளைவில் தொடைகள் கல்லாயின. அதுவரை எனக்குப் பின்னால் பேசிக்கொண்டே வந்த அறுபது வயதுக்காரர்கள் ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். அவர்களுடைய மிதியின் வேகம் கர்னியில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இந்த விளையாட்டில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் சீர் என்பது புரிந்தது. குழுவோடு போகும்போதும் அதுதான் வேண்டும், தனியே கடும் பயிற்சி செய்யும்போதும் அதுதான் வேண்டும்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறியவர்களுக்கு இது தெரிந்த கதை. 513 படிகள். தைப்பூசத்தன்று முதல் நூறு படிகளை ஓடி ஏறும் இளைஞர்கள் பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பால்குடம் தாங்கிய பாட்டி ஒரே நடையில் அவர்களைக் கடந்து மேலே போய்விடுவார்.

முதலில் தனியாக

குழுவில் சேர்வதற்கு முன் மூன்று நான்கு வாரங்கள் தனியே ஓட்டுங்கள். ஒன்றரை மணி நேரம் நிற்காமல் மிதிக்க முடிய வேண்டும். ஒரு கையை விட்டுத் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்து, கீழே பார்க்காமலே அதன் இடத்தில் வைக்க முடிய வேண்டும். வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும்போது சைக்கிள் நேர்கோட்டை விட்டு விலகக் கூடாது. இந்த மூன்றும் வராமல் குழுவுக்குள் போவது மற்றவர்களுக்கு ஆபத்து. கிழக்குக் கரையில் துன் டாக்டர் லிம் சொங் இயூ விரைவுச்சாலையை ஒட்டியுள்ள சைக்கிள் பாதை இவற்றைப் பழக நல்ல இடம். அங்கே நடப்பவர்களும் குழந்தைகளும் உண்டு என்பதால் மெதுவாகவே பழகுங்கள்.

கியர் மாற்றுவதையும் அப்போதே பழகிக்கொள்ளுங்கள். கனமான கியரில் நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிப்பதைவிட, இலேசான கியரில் எண்பத்தைந்து, தொண்ணூறு சுற்று மிதிப்பது தொடைகளைக் காப்பாற்றும். மேடு வந்து கால் திணறிய பிறகு மாற்றாதீர்கள். மேடு கண்ணில் பட்டதும் மாற்றுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, மாற்று டியூப் ஒன்று, டயர் நெம்பிகள், சிறிய பம்பு, இரண்டு புட்டித் தண்ணீர், கொஞ்சம் பணம், அடையாள அட்டை, கைப்பேசி. பகலில்தானே ஓட்டப்போகிறோம், விளக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் பினாங்கில் பொழுது ஏழு மணிக்கு மேல்தான் புலர்கிறது. ஆறரைக்குப் புறப்படும் குழு முதல் அரை மணி நேரம் இருட்டில்தான் போகும்.

எந்தக் குழு

சேர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சமதரையில் என்ன வேகத்தில் போவீர்கள்? பின்தங்குபவர்களுக்காக எங்கே நிற்பீர்கள்? காற்றைத் தாங்கும் முறை மாறும்போது, முன்னால் இருப்பவர் எந்தப் பக்கம் விலகிப் பின்னால் வருவார்? மூன்றாவது கேள்வியைக் கேட்கும் புதியவரைக் கண்டால் மூத்தவர்களுக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும்.

வேகத்தைக் கேட்கும்போது ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். காற்றை எதிர்த்துச் செலவாகும் உழைப்பு வேகத்தின் கனத்துக்கு ஏற்ப (வேகம் × வேகம் × வேகம்) கூடுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டரில் வசதியாகப் போகிறவர் 30 கிலோமீட்டர் குழுவில் சேர்ந்தால், காற்றுக்காக மட்டும் 70 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக உழைக்க வேண்டும். வெறும் ஐந்து கிலோமீட்டர்தானே என்ற எண்ணம்தான் நிறையப் பேரைக் காயப்படுத்தியிருக்கிறது. குழு அந்தச் சுமையைக் குறைத்துத்தரும். ஒருவரின் பின்னால் நெருங்கிப் போகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். ஆனால் அந்த மிச்சம் காற்று மறைவுக்குள் இருக்கும் வரைதான். பின்தங்கப் பின்தங்க அது குறைந்துகொண்டே போகும். ஏற்றத்தில் வேகம் குறைவு என்பதால் மறைவின் பயனும் குறைவு. ஆகவே சமதரையில் குழுவோடு போக முடிந்தது என்பதற்காக மலையிலும் முடியும் என்று எண்ணிவிட வேண்டாம்.

குழுவுக்குள்

எங்கே இடம் பிடிப்பது? புதியவர்கள் கூச்சத்தால் கடைசிக்குப் போய்விடுகிறார்கள். அதுதான் மிகக் கடினமான இடம். சமிக்ஞை விளக்கிலும் வளைவிலும் முன்னால் இருப்பவர்கள் சற்று வேகம் குறைத்தால், அது பின்னால் வரவர ரப்பர் போல இழுபட்டு, கடைசி ஆள் ஏறக்குறைய நின்று, பிறகு பாய்ந்து துரத்த வேண்டியதாகும். எட்டுப் பேர் இருந்தால் மூன்றாவது, நான்காவது இடத்தில் இருங்கள். வெளிப்படையாகச் சொல்லுங்கள்: “நான் புதியவன், நடுவில் வருகிறேன், முன்னால் வந்து காற்றைத் தாங்கிக் குழுவை இழுக்கமாட்டேன்.” யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

இடைவெளி முதல் சில வாரங்களுக்கு ஒரு சைக்கிள் நீளம் போதும். நம்பிக்கை வந்த பிறகு அதைப் பாதியாக்கலாம். கண் மட்டும் முன் சக்கரத்தில் நிலைகுத்தி நிற்கக் கூடாது. முன்னால் இருப்பவரின் தோளுக்கு மேலாக, அவருக்கும் முன்னால் இருப்பவர்களைப் பாருங்கள். ஆபத்து வருவது அங்கிருந்துதான்.

ஒரு விதியை மட்டும் எந்த நாளும் மீறாதீர்கள்: உங்கள் முன் சக்கரம் அடுத்தவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒருபோதும் நுழையக் கூடாது. அவர் ஒரு குழிக்காகச் சற்றே விலகினால் இரண்டு சக்கரமும் உரசும். அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது பின்னால் இருக்கும் நீங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர்கள் உங்கள்மேல் விழுவார்கள். நெருங்கிவிட்டோம் என்று தெரிந்ததும் பிரேக்கை அழுத்தவும் வேண்டாம். மிதிப்பதை ஒரு கணம் தளர்த்துங்கள், அல்லது முதுகை நிமிர்த்தி மார்பில் காற்று படும்படி உட்காருங்கள். வேகம் தானாகக் குறையும், பின்னால் வருபவரும் திடுக்கிடமாட்டார். ஏற்றத்தில் இருக்கையை விட்டு எழும்போதும் கவனம் வேண்டும். எழும் கணத்தில் பலர் மிதிப்பதை நிறுத்திவிடுவதால் சைக்கிள் ஒரு முழம் பின்வாங்கும். ஒரு கால் கீழே அழுந்தும்போதே எழுந்திருங்கள்.

குழி, கண்ணாடித் துண்டு, சாக்கடை மூடி எதைக் கண்டாலும் கை காட்டிக் குரல் கொடுங்கள். நம் தீவின் குழுக்களில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கலந்தே இருப்பார்கள். எல்லாருக்கும் புரிகிற மலாய்ச் சொல் ‘லூபாங்’ (குழி) போதும். கையை எடுக்க முடியாத நிலையில் குரல் மட்டும் போதும். மழை பெய்திருந்தால் சாலையின் வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் எண்ணெய் பூசியது போல வழுக்கும். அவற்றின் மேல் திரும்பாதீர்கள். தெலுக் பகாங் மலையில் சாலையோரம் குரங்குகள் இருக்கும். அவை எப்போது குறுக்கே பாயும் என்று சொல்ல முடியாது.

முன்னால் உங்கள் முறை வரும்போது செய்யும் பிழை ஒன்று உண்டு. ஏறக்குறைய எல்லாரும் அதைச் செய்கிறார்கள். முன்னால் இருந்தவர் விலகியதும், தன் பலத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆவலில் வேகத்தைக் கூட்டுகிறார்கள். குழு கிழிந்துவிடும். விலகியவர் களைத்த கால்களோடு கடைசியில் ஒட்டிக்கொள்ள முடியாமல் திணறுவார். அவர் விலகுவதற்கு முன் உங்கள் வேகமானியில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணில் இருங்கள். அரை நிமிடம் இழுத்தாலும் போதும். பிறகு பின்னால் வண்டி இல்லை என்று பார்த்து, முழங்கையை அசைத்து, குழுவின் வழக்கப்படி விலகி, மெல்ல வேகம் குறைத்துக் கடைசிக்குப் போங்கள். மேட்டின் உச்சியில் முன்னால் இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். நீங்கள் உச்சியைத் தாண்டி இறக்கத்தில் இருக்கும்போது உங்கள் பின்னால் ஆறு பேர் இன்னும் ஏறிக்கொண்டிருப்பார்கள். கடைசி ஆள் உச்சியைத் தொடும் வரை மிதியை அழுத்தாதீர்கள்.

நம் மலேசியச் சைக்கிளோட்டவீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் 2017இல் ஹாங்காங்கில் உலகப் பட்டம் வென்ற கெய்ரின் ஓட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் ஒரு மோட்டார் வண்டி வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்ல, ஓட்டவீரர்கள் அதன் பின்னால் வரிசையாகப் போவார்கள். அந்த வண்டி விலகிய பிறகுதான் பாய்ச்சல். உலகின் மிக வேகமான கால்களுக்குச் சொந்தக்காரர்களே பந்தயத்தின் பாதிவரை காற்று மறைவில் அடக்கிக் காத்திருக்கிறார்கள்.

கடும் பயிற்சி

குழு ஓட்டத்தையே பயிற்சி என்று நினைத்து வாரம் மூன்று முறை அதில் மூச்சிரைக்க ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஓராண்டு கழித்தும் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள். குழுவில் உழைப்பின் அளவை நீங்கள் தீர்மானிப்பதில்லை, அடுத்தவர் தீர்மானிக்கிறார். ஒரு நிமிடம் பாய்ச்சல், மூன்று நிமிடம் சும்மா, மறுபடி பாய்ச்சல். உடலுக்கு ஓய்வும் இல்லை, முறையான சுமையும் இல்லை. நோர்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் சிறந்த நெடுந்தூர விளையாட்டாளர்களின் பயிற்சியை ஆராய்ந்தபோது, அவர்களுடைய பயிற்சி வேளைகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு மிக இலேசானவை என்று கண்டார். மீதி 20 விழுக்காடுதான் கடுமையானவை. புதியவருக்கு வாரத்தில் ஒரு கடும் நாள் போதும், ஆறு மாதம் கழித்து இரண்டு. ஞாயிறு குழு ஓட்டம் கடுமையாகிவிட்டால் அதையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் முழு வாக்கியம் பேசும் அளவுக்கு மெதுவாக ஓட்டுங்கள். அந்த மெதுவைத் தாங்கிக்கொள்வதுதான் பலருக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கடும் நாளில் என்ன செய்வது? நான் எல்லாருக்கும் சொல்வது எட்டு நிமிட ஏற்றம் நான்கு. அணைக்கட்டுக்கு மேலே போகும் சாலை இதற்காகவே போட்டது போல இருக்கிறது. விட்டுவிட்டு மிதிக்க இடம் தராது, மூச்சை உடைக்கும் செங்குத்தும் அதிகமில்லை. தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையைச் சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர் போலத்தான், ஆனால் பல இடங்களில் சைக்கிளைச் சாயாமல் நிறுத்துவதே பெரும்பாடு. அங்கே மெதுவாகத் தொடங்க வழியே இல்லை என்பதால் சீரைப் பழக அது உதவாது.

இருபது நிமிடம் இலேசாக மிதித்து உடலைச் சூடாக்குங்கள். ஏற்றத்தின் அடியில் ஒரு மின்கம்பத்தைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது உங்களால் முடிந்ததைவிடக் குறைவாக மிதியுங்கள். முதல் ஒன்றரை நிமிடம் ‘இது மிகவும் எளிது’ என்று தோன்ற வேண்டும். அந்த உணர்வு பொய் சொல்கிறது. கடும் உழைப்பின் முதல் நிமிடத்தில் தசைகள் தம்மிடம் சேமித்துவைத்த எரிபொருளை மூச்சுக்காற்றின் உதவியில்லாமல் எரிக்கின்றன. மூச்சும் இதயமும் அந்தத் தேவையை எட்டிப்பிடிக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை வலி தெரியாது. வலி தெரியாத நேரத்தில் செலவழித்தது கடன். நான்காம் நிமிடத்தில் வட்டியோடு திருப்பிக் கேட்கும்.

மூன்றாம் நிமிடத்திலிருந்து மூன்று நான்கு சொற்கள் மட்டுமே பேச முடிகிற நிலை வர வேண்டும். ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் அளவு மீறிவிட்டது. எட்டு நிமிடம் முடிந்ததும் எந்த இடத்தை எட்டினீர்கள் என்று பாருங்கள். ஒரு கம்பம், ஒரு மரம், ஒரு வளைவுப் பலகை எதுவானாலும் சரி. மெல்ல இறங்கி வந்து, நான்கு நிமிடம் கால்களை நிறுத்தாமல் இலேசாக மிதித்து, அதே கம்பத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். நான்காம் முறையும் அதே இடத்தை எட்ட வேண்டும், ஒரு கம்பம் தாண்டினால் இன்னும் நல்லது. முதல் முறை தொலைவும், நான்காம் முறை இரண்டு கம்பம் குறைவும் என்றால் தொடக்கத்தில் பேராசைப்பட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் முதல் முறையை வேண்டுமென்றே ஒரு கம்பம் முன்னதாக முடியுங்கள். மிதிக்கும் பலத்தை அளக்கும் விலையுயர்ந்த பவர் மீட்டர் இல்லாமல் இந்தக் கம்பங்களை வைத்தே நான் இரண்டு ஆண்டு பயிற்சி செய்தேன். இன்றும் அந்தக் கருவியைவிடக் கம்பத்தையே அதிகம் நம்புகிறேன்.

மூன்றாம் முறையிலேயே குறியிடத்துக்கு வெகு தூரம் முன்பே எட்டு நிமிடம் முடிந்துவிட்டால், நான்காவதைச் செய்யாமல் வீட்டுக்குப் போங்கள். அன்று உடல் தயாராக இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் செய்து முடிப்பதால் எந்த நன்மையும் வராது.

இதயத்துடிப்புப் பட்டை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. துடிப்பு உழைப்புக்குப் பின்னால் தாமதமாக வரும். தொடங்கியதும் 165ஐப் பார்க்க வேண்டும் என்று மிதித்தால் முதல் இரண்டு நிமிடமும் அளவுக்கு மீறிப் போய்விடுவீர்கள். நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் இன்னொரு சிக்கல் உண்டு. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குத் திரும்புவதால், உழைப்பு கூடாமலே துடிப்பு ஏறிக்கொண்டே போகும். ஒன்பது மணி வெயிலில் 165 என்பது ஏழரை மணியின் 165 அல்ல.

தண்ணீரும் உணவும்

இங்கே ஒரு மணி நேரக் கடும் ஓட்டத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை போகலாம். புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் உங்களை எடைபோட்டுப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததற்கு மேல் ஏறக்குறைய ஒரு லிட்டர் இழந்திருக்கிறீர்கள். அதைவைத்து அடுத்த முறைக்கான அளவு தெரியும். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். இரண்டு புட்டிகளில் ஒன்றில் சிட்டிகை உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்துகொள்ளுங்கள்.

ஒன்றரை மணிக்கு மேல் போகும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். பேரீச்சம்பழம், வாழைப்பழம் போதும். பசித்த பிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிட்டது. தெலுக் பகாங்கில் குழு நிற்கும்போது, பசி இல்லாவிட்டாலும் ஒரு பழம் சாப்பிட்டுவிட்டு மலையேறுங்கள். வீட்டில் பசியாறாமல் வெறும் வயிற்றோடு வந்து, பாலிக் புலாவில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் பலரை மலை உச்சியில் கைநடுங்க உட்கார்ந்திருக்கக் கண்டிருக்கிறேன். தலைசுற்றல், குளிர், வியர்வை நின்றுபோதல், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் உடனே நிழலில் நிறுத்தி, தண்ணீரை உடல்மேல் ஊற்றி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். இது வெப்பத் தாக்குதலாக இருக்கக்கூடும், பொறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. தனியே போகும் நாளில் எந்தப் பாதையில் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் இதற்காகத்தான்.

முதல் தீவுச் சுற்று

கர்னியிலிருந்து தெலுக் பகாங் வரை நடுவில் இருந்து, பேசக்கூடிய அளவில் வாருங்கள். பத்து பெரிங்கி மேடுகளில் யாராவது பாய்ந்தால் போகவிடுங்கள். மலையில் குழுவை மறந்துவிட்டு உங்கள் எட்டு நிமிடப் பயிற்சியை நினைத்து, அதைவிட இலேசாக ஏறுங்கள். உச்சியில் காத்திருப்பார்கள். தீத்தி கெராவாங் அருவிப் பக்கம் இறங்கும்போது பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடியுங்கள், வளைவுக்குள் பிடிக்காதீர்கள். டுரியான் காலத்தில் அந்தச் சாலையோரம் கடைகள் முளைக்கும், கார்கள் எச்சரிக்கையின்றி நிற்கும். பாலிக் புலாவில் அரை மணிக்கு மேல் உட்கார்ந்துவிட்டால் கால்கள் இறுகிப்போகும், எதிரே இன்னும் கெந்திங் மேடு இருக்கிறது. ஆகவே ஒரு தே தாரிக்கோடு எழுந்துவிடுங்கள். தோசையும் நாசி கண்டாரும் நகரத்தில் காத்திருக்கும்.

பாயான் லெப்பாஸ் தாண்டியதும் சாலை தட்டையாகி, வீட்டு நினைப்பு வந்து, எல்லாரும் வேகம் கூட்டுவார்கள். லாரிகளும் சமிக்ஞை விளக்குகளும் நிறைந்த அந்தப் பகுதியில் பாய்ச்சலுக்கு இடமில்லை. முதல் சுற்றில் அவர்களைப் போகவிட்டு, யாராவது ஒருவரோடு சேர்ந்து மெதுவாக வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன் சைக்கிளைக் குளிப்பாட்டுங்கள். கடற்காற்றின் உப்பும் உங்கள் வியர்வையின் உப்பும் சேர்ந்து திருகாணிகளையும் சங்கிலியையும் ஒரே மாதத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும். அழுத்தமில்லாத சாதாரணத் தண்ணீரை ஊற்றி, பழந்துணியால் துடைத்து, சங்கிலி காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். அந்த நேரத்தில் டயரைச் சுற்றிப் பார்த்தால் உள்ளே தைத்திருக்கும் கண்ணாடித் துண்டும் கண்ணில் படும். அதை இன்றே எடுத்துவிட்டால், அடுத்த ஞாயிறு இருட்டில் பஞ்சர் ஒட்ட வேண்டியிருக்காது.